பழி சுமக்கும் உத்தியோகம்

உலகத்தில் விசித்திரமான உத்தியோகங்கள் பல உண்டு. தேயிலைத் தண்ணீரை வாயில் வைத்துச் சுவை பார்த்து, விழுங்காமல் துப்பிவிடுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒற்றையாய் உட்கார்ந்து ஆயுளைக் கழித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால், வேலையில் சேருகிற அன்றைக்கே, "இவரை ஒருநாள் விலக்கத்தான் போகிறோம்" என்று முதலாளிக்கும் தெரிந்து, "என்னை ஒருநாள் விலக்கத்தான் போகிறார்கள்" என்று சேருகிறவருக்கும் தெரிந்து, இருவரும் சிரித்த முகத்துடன் கைகுலுக்கிப் படம் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் பேஸ்பால் கோஷ்டி ஒன்றுக்கு மானேஜராக இருப்பதுதான் அது.

எனக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் என் மருமான் வழியாக வந்தது. அவன் பால்டிமோர் நகரத்தில் பல வருஷங்களாகக் குடியிருக்கிறான். அந்த ஊர்க் கோஷ்டிக்கு ஓரியோல்ஸ் என்று பெயர். நம் ஊர் மாங்குயிலை ஆங்கிலத்தில் ஓரியோல் என்பார்கள். பால்டிமோர்ப் பறவை வேறு இனம், ஆனாலும் பார்வைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். 2025ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் அவன் தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் குழந்தைகள் சௌக்கியம், குளிர், விலைவாசி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, எங்கள் மானேஜர் இந்த மாசம் தாண்டமாட்டார் போலிருக்கிறது" என்பான். ஆஸ்பத்திரியில் கிடக்கிற நெருங்கிய பந்துவைப் பற்றிப் பேசுகிற குரல்!

மே 17ஆம் தேதி அவன் சொன்னபடியே ஆயிற்று. அதுவரை ஆடிய 43 ஆட்டங்களில் ஓரியோல்ஸ் 28 ஆட்டங்கள் தோற்று 15 ஆட்டங்கள்தான் ஜெயித்திருந்தது. பிராண்டன் ஹைட் என்கிற மானேஜரை விலக்கிவிட்டார்கள். அவரை நான் முன்பின் கண்டதில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஜெயித்தவனைவிடத் தோற்றவனிடத்தில்தான் எப்போதும் கொஞ்சம் ஒட்டுதல் அதிகம். ஆகவே, அந்த மனிதருடைய பூர்வோத்தரங்களை விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரிக்க விசாரிக்க, இது ஒரு மனிதரின் கதையாக இல்லாமல் ஓர் உத்தியோகத்தின் கதையாகவே விரிந்துவிட்டது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பந்தை எறிகிறவர் ஒருவர், மட்டையால் அடிக்கிறவர் ஒருவர், சுற்றி நின்று பிடிக்கிறவர்கள் மற்றவர்கள் என்கிற மட்டில் கிரிக்கெட்டுக்கு இது தாயாதிதான். அடித்தவர் வரிசையாக மூன்று முளைகளைத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அந்த இடத்துக்கு ஹோம், அதாவது வீடு, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கு வந்து சேருவதுதான் ஆட்டம். கேட்பதற்குச் சுலபம், நடப்பது அபூர்வம். மட்டையுடன் பத்துத் தடவை நின்று மூன்று தடவை சரியாக அடிக்கிறவனை மகா நிபுணன் என்று கொண்டாடுகிறார்கள். மிச்சம் ஏழு தடவை அவனும் தலையைக் குனிந்துகொண்டு திரும்புகிறவன்தான்.

ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். வசந்தத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலம் வரையில் கிட்டத்தட்ட தினம் ஓர் ஆட்டம். இதில் 100 ஆட்டம் ஜெயிக்கிற கோஷ்டி பிரமாதமான கோஷ்டி. அதாவது, பிரமாதமான கோஷ்டியும் 62 ராத்திரிகள் தோற்றுவிட்டுத் தூங்கப் போகிறது. தோல்வி இந்த ஆட்டத்தில் விபத்து அல்ல, அன்றாடம்.

இதில் மானேஜருக்கு என்ன வேலை? இன்றைக்கு யார் ஆடுவது, எந்த வரிசையில் அடிப்பது என்று சீட்டு எழுதிக் கொடுப்பார். எறிகிறவர் களைத்துவிட்டார் என்று தோன்றினால் மைதானத்துக்குள் நடந்துபோய்க் கையை நீட்டுவார். எறிகிறவர் வாய் பேசாமல் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியேறுவார். வெளியேறினவர் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பி வர முடியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கால்பந்து மானேஜர் கோட்டு அணிந்துகொண்டு ஓரமாக நிற்கலாம். பேஸ்பால் மானேஜர் மட்டும் அறுபது வயதானாலும், தொந்தி விழுந்திருந்தாலும், ஆட்டக்காரர்கள் அணியும் அதே உடுப்பை அணிந்து, முதுகில் எண்ணையும் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பந்து அவரிடம் வராது. மட்டை அவர் கைக்கு எட்டாது. வேஷம் மட்டும் பூரணமாக உண்டு.

கோஷ்டி தோற்றுக்கொண்டே போனால் என்ன செய்வது? 26 ஆட்டக்காரர்களையும் ஒரே நாளில் வெளியே தள்ள முடியாது. அவர்களில் பலருக்குப் பல வருஷ ஒப்பந்தம். கோஷ்டியின் சொந்தக்காரர் தம்மைத் தாமே விலக்கிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ரசிகர்களை மாற்ற வழியே கிடையாது. மிச்சமிருப்பது ஒருவர்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம் பெரியவர்கள் சொன்னது கடல் கடந்தும் செல்லுபடியாகிறது.

ஹைட் விஷயத்தில் ஒரு நேர்த்தி இருந்தது. ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் அதிகாரம் படைத்த மைக் எலியாஸ், அன்று வெளியிட்ட அறிக்கையில், இந்த மோசமான ஆரம்பத்துக்கு முடிவாகத் தாமே பொறுப்பு என்று சொன்னார். பொறுப்பு இவருடையது, பதவி போனது அவருடையது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இவ்வளவு மரியாதையான நடையில் எழுத முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எலியாஸைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. அவரும் அந்த உத்தியோகத்தின் சம்பிரதாயத்தைத்தான் நிறைவேற்றினார்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த ஹைட் 2019ஆம் வருஷம் மானேஜராக வந்தார். அந்த வருஷம் 108 ஆட்டங்கள் தோற்றார். யாரும் அவரை விலக்கவில்லை. 2021ல் 110 ஆட்டங்கள் தோற்றார். அப்போதும் விலக்கவில்லை. 2023ல் 101 ஆட்டங்கள் ஜெயித்தார். அமெரிக்கன் லீகில் அவ்வருஷத்தின் சிறந்த மானேஜர் என்று பரிசு கொடுத்தார்கள். 2024ல் 91 ஆட்டங்கள் ஜெயித்தார். அடுத்த மே மாதம் 28 தோல்விகளுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

110 தோல்வியைப் பொறுத்தவர்களுக்கு 28 தோல்வி பொறுக்கவில்லை. ஏன்? 2021ல் அவர்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. பழைய கோஷ்டியைக் கலைத்துவிட்டு, இளம்பிள்ளைகளைச் சேர்த்து, காத்திருந்த காலம் அது. தோற்பதே ஏற்பாடு. 2025ல் அப்படியில்லை. ஜெயித்து ருசி கண்டாகிவிட்டது. ஆக, மானேஜரை விலக்குவது தோல்விக்காக அல்ல, ஏமாற்றத்துக்காக. தோல்வியை எண்ணிவிடலாம், ஏமாற்றம் பார்க்கிறவர்களின் நெஞ்சில் இருக்கிற சமாசாரம், அதற்குக் கணக்கு இல்லை. ஒரு மனிதன் தன் கையில் இல்லாத ஆட்டத்துக்கு மட்டுமல்ல, பிறர் நெஞ்சில் இருக்கிற ஆசைக்கும் ஜவாப் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குப் பழைய சாட்சியங்களும் உண்டு. கேஸி ஸ்டெங்கல் என்று ஒரு கிழவர். நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டிக்கு 1949 முதல் 1960 வரை 12 வருஷம் மானேஜராக இருந்தார். அதில் பத்து வருஷம் லீகில் முதலிடம். ஏழு வருஷம் உலகத் தொடர் வெற்றி. 1960ல் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் தோற்றதும், வயது 70 ஆகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அதே கிழவரை 1962ல் அதே ஊரில் புதிதாகத் தொடங்கிய மெட்ஸ் கோஷ்டி கூப்பிட்டு உட்கார்த்தியது. அந்த வருஷம் மெட்ஸ் ஜெயித்தது 40, தோற்றது 120. ஊர் சிரித்தது, ஆனால் வெறுக்கவில்லை. கிழவர் தோல்வியையெல்லாம் வேடிக்கைப் பேச்சாக மாற்றிப் பத்திரிகைக்காரர்களுக்கு விருந்து வைத்தார். 1965ல் இடுப்பெலும்பு முறிந்து ஓய்வு பெறும் வரையில் அவரை யாரும் அசைக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தவரை அனுப்பினார்கள், தோற்றுக்கொண்டிருந்தவரைத் தலையில் வைத்து ஆடினார்கள். இரண்டும் ஒரே ஆள்!

ஜீன் மாக் என்பவர் பிலடெல்பியாவில் மானேஜர். 1961ல் அவருடைய கோஷ்டி தொடர்ச்சியாக 23 ஆட்டங்கள் தோற்றது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து அவ்வளவு நீளமான தோல்வித் தொடர் வேறு கிடையாது. அவரையும் விலக்கவில்லை. மூன்றே வருஷத்தில், 1964ல், அதே மனிதர் கோஷ்டியை முதலிடத்தின் வாசல் வரையில் கொண்டுபோனார். இன்னும் 12 ஆட்டங்களே பாக்கி. முன்னிலையோ ஆறரை ஆட்டம். அங்கேதான் வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்று எல்லாவற்றையும் கோட்டைவிட்டார்கள். ஆனால் 23 தோல்வியின்போதே அவரை அனுப்பியிருந்தால் அந்த வாசல் வரைக்குமாவது வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதையெல்லாம் மருமானிடம் சொன்னேன். அவன் லேசில் மடங்குகிறவன் இல்லை.

"மாமா, நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம். ஆனால் ஹைட் போன பிறகு எங்கள் கோஷ்டி 60 ஆட்டம் ஜெயித்து 59 தோற்றதே? பாதிக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டதே? மாற்றியதால் பலன் இருந்ததா இல்லையா?"

"ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று உங்கள் பாட்டி சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா?" என்றேன்.

அவன் சிரித்தானே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விஷயம் அதுதான். தன் யோக்கியதைக்குக் கீழே விழுந்துவிட்ட கோஷ்டி சில நாளில் தானாகவே தன் மட்டத்துக்கு ஏறிவரும். ஏறுகிற சமயத்தில் யார் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாரோ அவருக்குப் பெயர். மானேஜர்களை எப்போதும் பள்ளத்தின் அடியில்தான் மாற்றுகிறார்கள். ஆகவே, புதிதாக வருகிறவருக்கு மேடு ஒன்றுதான் பாக்கி. அப்படி ஏறிவந்தும், 2025 முடிவில் ஓரியோல்ஸ் தன் பிரிவில் கடைசி. இடைக்கால மானேஜருக்கும் பதவி நிலைக்கவில்லை. 2026க்கு வேறொருவரை நியமித்தார்கள்.

"அப்படியானால் மானேஜரே வேண்டாம், யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்கிறீர்களா?" என்று கேட்டான் மருமான்.

அதையும் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறார்கள்! அதுவும் இதே கோஷ்டியின் பூர்வாசிரமத்தில். ஓரியோல்ஸ் 1954ல் பால்டிமோருக்குக் குடிவருவதற்கு முன்னால் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பிரவுன்ஸ் என்ற பெயருடன் தோற்றுக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் பில் வீக் ஒரு குறும்புக்காரர். 1951ஆம் வருஷம் ஆகஸ்டு 24ஆம் தேதி ஒரு காரியம் செய்தார். ஆட்டம் பார்க்க வந்த ஜனங்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் ஒரு பக்கம் 'ஆம்', ஒரு பக்கம் 'இல்லை' என்று அச்சடித்த அட்டைகளைக் கொடுத்தார். எறிகிறவரை மாற்றலாமா, ஓடலாமா, நிற்கலாமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வியை எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். ஜனங்கள் அட்டையைத் தூக்குவார்கள். பெரும்பான்மை எப்படியோ அப்படி ஆட்டம். உண்மையான மானேஜர் ஸாக் டெய்லர் ஓரத்தில் ஒரு சாய்ந்தாடும் நாற்காலியில், காலில் வீட்டுச் செருப்பு அணிந்து, குழாய்ப் புகை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிரவுன்ஸ் 5-3 என்று ஜெயித்துவிட்டது!

ஜனங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் மறுநாள் அட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு டெய்லரிடம் பழைய வேலையைக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெயிப்பதற்கு ஆயிரம் பேர் போதும். தோற்கும்போது ஒருவர் வேண்டுமே! ஆயிரம் பேரை எப்படி விலக்குவது? அந்த வருஷம் பிரவுன்ஸ் 102 ஆட்டங்கள் தோற்றது. டெய்லருக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை.

இனி நான் சொல்லவந்த மனிதருக்கு வருகிறேன். அவர் பெயர் கால் ரிப்கென். அதே பெயருள்ள அவருடைய மகன் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டபடியால் இவரைப் பெரியவர் என்று குறிப்பிடுவது வழக்கம்.

பெரியவர் 1957ல் ஓரியோல்ஸின் கீழ்மட்டக் கோஷ்டி ஒன்றில் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். தோளில் அடிபட்டு ஆட்டம் முடிந்துபோயிற்று. மேல்மட்டத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பிறகு பதினாலு வருஷம் சின்னச் சின்ன ஊர்களில் கீழ்மட்டக் கோஷ்டிகளுக்கு மானேஜர். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக வாசம். பழகப் பழக எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் அவர் ஒப்பமாட்டார். சரியாகப் பழகினால்தான் சரியாகும், தப்பாகப் பழகினால் தப்பு கெட்டிப்படும் என்பது அவர் கட்சி. இவரிடம் பழகிய பையன்கள் மேலே போனார்கள். 1976ல் இவரையும் மேல்மட்டக் கோஷ்டிக்குத் துணைப் பயிற்சியாளராக அழைத்தார்கள். அங்கே பத்து வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. எர்ல் வீவர் என்ற பெரிய மானேஜர் 1982 முடிவில் விலகியபோது வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். 1985ல் அவரை விலக்கிய இடைவெளியில், ஒரே ஒரு ஆட்டத்துக்கு ரிப்கென் மானேஜராக இருந்து ஜெயித்தும் காட்டினார். மறுநாள் வீவரே திரும்பி வந்துவிட்டார்.

கடைசியில் 1987ல் அந்த நாற்காலி கிடைத்தது. முப்பது வருஷத்துச் சேவகம். கோஷ்டியில் மூத்த மகன் கால் ஏற்கனவே நட்சத்திரம். அந்த ஜூலையில் இளையவன் பில்லியும் வந்து சேர்ந்தான். ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளை ஒரே சமயத்தில் மேல்மட்டக் கோஷ்டியில் வைத்து நடத்தியது அதுவே முதல் தடவை. மைதானத்தில் பிள்ளைகளுக்கு அவர் தகப்பனாரே அல்ல. மகன் கால் ஒரு நிமிஷம்கூட வெளியே உட்காராமல் தொடர்ச்சியாக 8,243 இன்னிங்ஸ் ஆடியிருந்தான். அந்தச் சாதனையை முடித்துவைத்தது வேறு யாரும் அல்ல. 1987 செப்டம்பர் 14ஆம் தேதி டொரன்டோவில் எதிராளிகள் பத்து ஹோம் ரன் அடித்து 18-3 என்று துவைத்துக்கொண்டிருந்த ராத்திரி, தகப்பனாரே மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். எண்ணிக்கை பையன் தலையில் பாரமாக ஏறுகிறது என்று அவருக்குப் பட்டது, முடித்தார்.

அந்த வருஷம் 67 வெற்றி, 95 தோல்வி. நல்ல கோஷ்டி இல்லை அது. ஆனால் 1983ல் உலகத் தொடர் ஜெயித்த ஞாபகம் ஊருக்கு இன்னும் சூடாக இருந்தது. நான் முன்னே சொன்ன ஏமாற்றம் முற்றிவந்த நேரம்.

1988 ஏப்ரலில் புதிய பருவம். முதல் ஆட்டம் 12-0 என்று தோல்வி. இரண்டாவது தோல்வி, மூன்றாவது தோல்வி. ஆறு ஆட்டம் ஆடி ஆறும் தோற்றார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி பெரியவரை விலக்கிவிட்டார்கள். 162 ஆட்டத்தில் ஆறு! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். அரிசி உலையில் விழுவதற்குள்ளேயா பதம் பார்ப்பது?

அன்று ராத்திரி அந்தப் பிள்ளைகள் இருவரும் உடுப்பு அணிந்துகொண்டு ஆட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தகப்பனாரை வெளியேற்றிய அதே கோஷ்டிக்காக, அதே மைதானத்தில். கதையாக எழுதினால் நாடகத்தனம் என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். இளையவன் பில்லி வாய்ப்பேச்சில் எதிர்ப்புக் காட்டவில்லை. தன் முதுகில் இருந்த 3 என்ற எண்ணைக் கழற்றிவிட்டுத் தகப்பனாரின் 7 என்ற எண்ணைத் தைத்துக்கொண்டான். மூத்தவன் அதுவும் செய்யவில்லை. மறுநாளும் ஆடினான். அதற்கு மறுநாளும் ஆடினான்.

புதிய மானேஜர் பிராங்க் ராபின்சன் சாமானியர் அல்லர். ஆட்டக்காரராக மகா கீர்த்தி பெற்றவர். மேல்மட்டக் கோஷ்டிக்கு மானேஜரான முதல் கறுப்பர். அது 1975ல் கிளீவ்லண்டில். விலக்கப்படுகிற அனுபவம் அவருக்கும் உண்டு. 1977ல் அங்கே அவரை விலக்கினார்கள். அப்பேர்ப்பட்டவர் வந்து சீட்டு எழுதினார். ஏழாவது ஆட்டம் தோல்வி. எட்டாவது தோல்வி. பத்தாயிற்று, பதினைந்தாயிற்று. உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர், கோஷ்டி ஜெயிக்கும் வரையில் ஒலிபரப்பை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு 258 மணி நேரம் மாட்டிக்கொண்டார். பாவம், சபதத்தைப் போட்டபோது ஒரிரு நாள் என்று நினைத்திருப்பார். வரிசையாக 21 தோல்வி. பருவத்தின் ஆரம்பத்தில் இவ்வளவு தோற்ற கோஷ்டி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஏப்ரல் 29ஆம் தேதி சிகாகோவில்தான் 9-0 என்று முதல் வெற்றி கிட்டியது.

பெரியவர் தலையில் ஆறு தோல்வி. வந்தவர் தலையில் பதினைந்து. குற்றம் சீட்டு எழுதிய கையில் இல்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அதற்காக யாரும் போய்ப் பெரியவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. இந்த உத்தியோகத்தில் மேல்கோர்ட்டு கிடையாது.

ஜனங்கள் மட்டும் ஓர் ஆச்சரியம் செய்தார்கள். ஒரு வெற்றி, 23 தோல்வி என்ற கணக்குடன் கோஷ்டி மே 2ஆம் தேதி ஊர் திரும்பியபோது 50,402 பேர் மைதானத்தில் கூடி வரவேற்றார்கள். ஏமாற்றம் ஓர் எல்லையைத் தாண்டினால் பாசமாகிவிடுகிறது போலும். வேலை போவது என்னவோ அந்த எல்லைக்கு இந்தப் பக்கத்தில்தான்.

அந்த வருஷம் 107 தோல்வியுடன் முடிந்தது. அடுத்த வருஷம் நடந்ததுதான் என் மனசை விட்டுப் போகாதது. 1989ல் பெரியவர் திரும்பி வந்தார். மானேஜராக அல்ல, தமக்குப் பதிலாக வந்தவருக்குக் கீழே, மூன்றாம் முளைப் பயிற்சியாளராக. நாற்காலியிலிருந்து இறக்கியவர்களிடமே வந்து முக்காலியில் உட்காருவது எப்பேர்ப்பட்ட காரியம்! மானம் இல்லையா என்று கேட்பவர்கள் கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் அதை யோசித்தேன். அவர் நேசித்தது நாற்காலியை அல்ல, ஆட்டத்தை என்பதுதான் எனக்குக் கிடைத்த விடை. பையன்களுக்குத் தரையில் உருளும் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு எந்தப் பதவிப் பெயரானால் என்ன? அந்த வருஷம் கோஷ்டி 87 ஆட்டங்கள் ஜெயித்துக் கடைசி வாரம் வரையில் முதலிடத்துக்குப் போராடியது. சிறந்த மானேஜர் பரிசு ராபின்சனுக்குக் கிடைத்தது. 1991 மே மாதம், 13 வெற்றி, 24 தோல்வி என்றிருந்தபோது, அவரையும் விலக்கினார்கள். பெரியவர் தம் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். 1992 முடிவில்தான் அவர் ஓரியோல்ஸை விட்டுப் போனார்.

மகன் கால் 1982 மே மாதத்திலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் ஆடிக்கொண்டே போய், 1995 செப்டம்பர் 6ஆம் தேதி 2,131வது ஆட்டத்தில், லூ கெரிக் என்ற மகாவீரரின் பழைய எண்ணிக்கையைத் தாண்டினான். கரகோஷம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓயவில்லை. அமெரிக்க ஜனாதிபதியே வந்திருந்தார். பெரியவர் மேலே ஒரு தனி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கீழேயிருந்து நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தான். தினம் தவறாமல் வேலைக்கு வந்து நிற்பது என்கிற அந்த ஒரே வித்தையை அவன் யாரிடம் கற்றான் என்பது அங்கே கூடியிருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். 1999ல் பெரியவர் காலமானார். மானேஜராக அவருடைய மொத்தக் கணக்கு 68 வெற்றி, 101 தோல்வி. புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

பிரபலமான படங்களைவிட, 1989ஆம் வருஷத்து ஏதோ ஒரு சாதாரண ராத்திரியில் அந்த மனிதர் மூன்றாம் முளையின் அருகில் நிற்பதை நினைத்துப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கிறது. அந்த இடத்தின் வேலை இதுதான்: மூச்சு வாங்க ஓடி வருகிற பையனுக்குப் பின்னால் பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. இவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். சுழற்றினால் வீட்டைப் பார்த்து ஓட வேண்டும். பையன் வீடு சேர்ந்தால் கைதட்டல் பையனுக்கு. வழியில் அகப்பட்டுக்கொண்டால் ஐம்பதாயிரம் பேர் இவரைப் பார்த்துத்தான் கத்துவார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தே கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.